பொதுச் சுவரின் சூடு

பிப்ரவரி 3, சனி

கேமரா வந்துவிட்டது. பாலிடெக்னிக்கில் என்னோடு வேலை பார்த்த புவனேஸ்வரன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுத்தார். "மேடம், காலேஜ் சொத்து, கீழ போட்டுடாதீங்க" என்று மூன்று தடவை சொன்னார். அந்த ஆய்வகத்தை முப்பத்திரண்டு வருஷம் கட்டி மேய்த்தவள் நான். காபி கொடுத்து அனுப்பினேன்.

ஆய்வு என்றால் நாள், நேரம், வெயில் எல்லாம் குறித்து வைக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த நோட்டு. கூடவே மனதில் தோன்றுவதை எழுதினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. வீட்டில் நான் ஒருத்திதானே.

விஷயம் இதுதான். எங்கள் மில் லைனில் பன்னிரண்டு வீடுகள். ஒரே வரிசை, அடுத்தடுத்த வீடுகளுக்கு நடுவில் ஒரே பொதுச் சுவர். மில் மூடி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. ஒரு பில்டர் எல்லாவற்றையும் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டித் தருகிறேன் என்கிறார். பாதிப் பேருக்கு அதில் ஆசை. மீதிப் பேர் கட்டி முடிக்கும்வரை எங்கே போய் இருப்பது என்று தெரியாதவர்கள். சங்கச் செயலாளர் மயில்சாமி கடைசியில் ஒரு வழி சொன்னார். ஆறாம் எண் டீச்சரம்மா சுவரையெல்லாம் பார்த்து எழுதிக் கொடுக்கட்டும், பலமாக இருந்தால் ரிப்பேர், இல்லையென்றால் இடிப்பு, பதினெட்டாம் தேதி கூட்டத்தில் முடிவு. அந்த டீச்சரம்மா நான்தான். எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்கள்.

இந்தக் கேமரா சூட்டைப் படம் பிடிக்கும். சூடான இடம் மஞ்சளாகவும் குளிர்ந்த இடம் நீலமாகவும் தெரியும். பூச்சுக்குள் ஈரம் இருந்தால் அந்த இடம் குளிர்ந்து காட்டும். உள்ளே வெற்றிடம் இருந்தால் சுற்றியுள்ள சுவரோடு ஒட்டாமல் தனியாகத் தெரியும். சுண்ணாம்பு அடித்து, பெயின்ட் அடித்து நாம் மறைத்ததையெல்லாம் அது மறைத்ததாகவே எடுத்துக்கொள்ளாது.

வருஷா வருஷம் முதல் வகுப்பில் பிள்ளைகளிடம் ஒன்று சொல்வேன். படத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதே, சுவரின் மறுபக்கம் போய்ப் பார்த்துவிட்டு எழுது. அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கம்பீரமாகவே இருக்கும்.

பிப்ரவரி 5, திங்கள்

ஒன்றாம் எண், இரண்டாம் எண். ஒன்றாம் எண் மயில்சாமி வீடு. அடுப்படிச் சுவரில் மனித உயரத்துக்கு ஒரு மஞ்சள் திட்டு. திகைத்துப்போய்க் குறித்துக்கொண்டு நகர்ந்தால், திட்டும் கூடவே நகர்கிறது. எண்ணெய் பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். கண்ணாடியில் முகம் தெரிவதுபோல என் உடம்புச் சூடு அதில் தெரிந்திருக்கிறது. ஐம்பத்தொன்பது வயதில் என்னையே கோளாறு என்று நோட்டில் குறித்தாகிவிட்டது. எழுதியதை அடித்துவிட்டு நானே சிரித்துக்கொண்டேன்.

மயில்சாமி மனைவி அரிசிம்பருப்புச் சாதம் போட்டார். மில் சங்கு ஊதிய காலத்தில் சாப்பாட்டு நேரத்தை யாரும் கடிகாரத்தில் பார்த்ததில்லை என்று பேச்சு வந்தது. ஆமாம். இரண்டு மணிச் சங்குக்கு வரிசையில் பன்னிரண்டு கதவும் ஒன்றாகத் திறக்கும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

மூன்று, நான்கு. குளியலறைச் சுவரடியில் ஈரம். முழங்கால் வலி.

பிப்ரவரி 8, வியாழன்

காலையில் ஐந்தாம் எண். பிறகு என் வீடு.

என் அடுப்படியின் கிழக்குச் சுவரில், அதாவது எனக்கும் ஏழாம் எண்ணுக்கும் பொதுவான சுவரில், ஒரு சதுரம் தெரிந்தது. ஒரு முழம் அகலம், ஒரு முழம் உயரம், என் முக உயரத்தில். விளிம்பு நேர்க்கோடாக இருந்தது. வேறொருவராக இருந்தால் என்னவோ ஏதோ என்று பயந்திருப்பார். எனக்கு அது என்னவென்று தெரியும். அது பொந்து.

அந்தக் காலத்தில் மில்காரர்கள் இரண்டு வீட்டு அடுப்படிக்குச் சேர்த்து ஒரே ஒரு பல்புதான் கொடுத்தார்கள். பொதுச் சுவரில் ஒரு பொந்து விட்டு, அதன் நடுவில் குண்டு பல்பைத் தொங்கவிடுவார்கள். வெளிச்சம் இரண்டு பக்கமும் விழும். சுவிட்ச் மட்டும் ஒரு பக்கம்தான் இருக்கும். எங்கள் ஜோடியில் அது ஏழாம் எண்ணுக்குப் போய்விட்டது. இருட்டியதும் அம்மா என்னைப் பார்ப்பாள். நான் பொந்தில் வாயை வைத்து, "பிலோ, லைட்டப் போடு" என்று கத்துவேன். "இரு புள்ள" என்று பதில் வரும். வேண்டுமென்றே கொஞ்ச நேரம் கழித்துத்தான் போடுவாள்.

பிலோமினா. என்னைவிட ஒரு வயது பெரியவள். பொந்துக்கு அந்தப் பக்கம் அவள் ஸ்டூல், இந்தப் பக்கம் என் ஸ்டூல், ஏறி நின்றால்தான் முகம் எட்டும். எனக்குக் கணக்கு வராது. பல்புக்கு அடியில் நோட்டை இப்படியும் அப்படியும் தள்ளித் தள்ளி அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தது அவள்தான். கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரம் அந்தப் பொந்து வழியாக வரும், பொங்கலுக்கு வெல்லச் சோறு இந்தப் பக்கமிருந்து போகும். ஒரு தடவை கிண்ணத்தை வாங்கும்போது பல்பு பட்டுச் சுட்டதில் என் வலது மணிக்கட்டில் ஒரு தழும்பு. இப்போதும் இருக்கிறது.

எண்பத்து நான்கில் பொந்தை அடைத்துவிட்டார்கள். அப்பா மில்லில் கட்டட மேஸ்திரி, அவரே செங்கல் வைத்து ஒரே நாளில் பூசிவிட்டார். எங்களுக்குத் தனி லைட் வந்துவிட்டது. வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

சாயங்காலம் ஏழு மணிக்கு, கேமராவின் பேட்டரி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சும்மா அடுப்படிப் பக்கம் திருப்பினேன். பொந்து இருந்த இடம் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. சுற்றியுள்ள சுவரைவிட ஏழு டிகிரி சூடு. அடுப்பு மூட்டவில்லை. அந்தச் சுவரில் வெயில் படவும் வழியில்லை.

பழைய வயர் உள்ளேயே கிடந்து சூடாகிறதோ என்னவோ.

பிப்ரவரி 11, ஞாயிறு

நேற்றும் அதே நேரம், அதே சூடு. முறைப்படி ஏழாம் எண்ணுக்குப் போய் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். இன்று ஞாயிறு, பிலோமினா கோவிலுக்குப் போயிருப்பாள்.

அவள் கல்யாணமாகிக் கோவில்பட்டிப் பக்கம் போனவள். கணவர் தவறிய பிறகு எட்டு வருஷத்துக்கு முன்னால் ஏழாம் எண்ணுக்கே திரும்பி வந்தாள். நான் ரிட்டயர் ஆகி இங்கே வந்து இரண்டு வருஷம். குழாயடியில் பார்ப்போம். "தண்ணி வந்துருச்சா" என்பாள். "இன்னும் இல்ல" என்பேன். எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது.

பிப்ரவரி 12, திங்கள்

தலைவலி. போர்வைகளைத் துவைத்துப் போட்டேன். எட்டு, ஒன்பது, பத்து முடிந்தது.

பிப்ரவரி 13, செவ்வாய்

பதினொன்று, பன்னிரண்டு. வெளிச்சுவரில் இரண்டு இடத்தில் பூச்சு உப்பியிருக்கிறது, தட்டிக் கொட்டிப் பூசினால் போதும். எழுபத்தைந்து வருஷச் சுவர்களுக்கு இது பெரிய காரியம். ஏழு மட்டும் பாக்கி. கேமராவை வியாழக்கிழமைக்குள் கொடுத்துவிட்டால் நல்லது.

பிப்ரவரி 14, புதன்

குழாயடியில் பிலோமினாவின் நெற்றியில் சாம்பல் சிலுவை. தவக்காலம் ஆரம்பம். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "எல்லார் வீட்டுக்கும் வந்தியாமா, என்ற வீட்டுக்கு எப்ப வர்றே?" என்று கேட்டாள். இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குடம் நிறைவதற்குள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் மயில்சாமி வந்து அறிக்கை கேட்டார். ஏழாம் எண் பாக்கி என்றேன். "உங்க பக்கம் பாத்தா அவங்க பக்கமும் அதே சுவருதானுங்களே டீச்சரம்மா" என்றார். அதுவும் சரிதான் என்று தோன்றியது.

உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டேன். "6, 7 பொதுச் சுவரில் அடைக்கப்பட்ட பொந்து. உள்ளே வெற்றிடம். மாலை நேரங்களில் கடும் சூடு. பழைய மின்கம்பி பழுது என்று தெரிகிறது. உடனடி ஆபத்து." ஏழாம் எண்ணுக்கான கட்டத்தில், "6-ஆம் எண் வழியாக ஆய்வு செய்யப்பட்டது" என்று போட்டேன். கையெழுத்து ஒழுங்காகத்தான் வந்தது.

பிப்ரவரி 15, வியாழன்

மயில்சாமிக்கு இவ்வளவு சுறுசுறுப்பு இருக்கும் என்று நினைக்கவில்லை. காலையிலேயே எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து ஏழாம் எண்ணின் பியூஸ் கேரியரைப் பிடுங்கிவிட்டார். பிலோமினாவை உறவுக்காரர் வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறார். அவளுக்குப் போக இடமில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு சுவர் போனால் வரிசையே போகும், ஆக ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வெறும் சம்பிரதாயம்தான் என்று பேசிக்கொள்கிறார்கள்.

நான் பார்த்ததைத்தான் எழுதினேன். எண்பத்து நான்கிலும் பார்த்ததைத்தான் சொன்னேன்.

சொல்லித் தொலைக்கிறேன். நாற்பது வருஷமாக எங்கேயும் எழுதாதது. அப்போது எனக்குப் பத்தொன்பது, அவளுக்கு இருபது. ஒரு மத்தியானம், ஷிப்ட் நேரம், அவள் வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. பொந்து வழியாகப் பார்த்தேன். ஓர் ஆண் கை. கை மட்டும்தான் தெரிந்தது, வாட்ச் கட்டியிருந்தது. அந்தக் கை அவளிடம் ஒரு கவரை நீட்டியது. அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். நான் அம்மாவிடம் சொன்னேன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னிடம்கூடச் சொல்லாமல் அவளுக்கு ஒருத்தன் இருக்கிறானே என்ற பொறாமையில் சொன்னேன். அம்மா அவள் அம்மாவிடம் சொன்னாள். அவள் அப்பா அடித்துக் கேட்டும் அது யார் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. மூன்றே மாதத்தில் கல்யாணம். மனைவியை இழந்தவர், அவளைவிடப் பதினாறு வயது மூத்தவர். அப்பா பொந்தை அடைத்தது நான் சொன்ன அந்த வாரம்தான். தனி லைட் அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது. நடுவில் நான் அரிக்கேன் விளக்கில் படித்தேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

சாயங்காலம் ஏழு மணிக்குச் சுவரைப் பார்த்தேன். சதுரம் குளிர்ந்துவிட்டது. மின்சாரத்தை நிறுத்தியதும் சூடு போய்விட்டது என்றால் நான் எழுதியது சரி. மின்கம்பிதான். நிம்மதியாக இரண்டு தோசை அதிகமாகவே சாப்பிட்டேன்.

பிப்ரவரி 17, சனி

கேமராவைப் பெட்டியில் வைக்குமுன் கடைசியாக ஒரு முறை பார்க்கலாம் என்று ஆறரைக்கு எடுத்தேன். சதுரத்தின் கீழ்ப்பாதியில் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு சின்ன மஞ்சள் பொட்டு. பத்து நிமிஷத்தில் அது மேல்நோக்கிப் பரவிச் சதுரத்தின் மேல்விளிம்பு முழுக்கச் சூடாகிவிட்டது.

அந்த வீட்டில் மூன்று நாளாக மின்சாரமே இல்லை. கம்பி எப்படிச் சூடாகும்? கீழே சிறிதாக ஆரம்பித்து மேலே ஏறுகிற சூடு நெருப்பினுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்.

பொந்து என் பக்கம் மட்டும்தான் அடைக்கப்பட்டிருக்கிறது.

எழுந்து போனேன். பதினோரு எட்டு. என் கதவிலிருந்து அவள் கதவுக்கு எண்ணிக்கொண்டே போனேன், வேறு எதையும் நினைக்காமல் இருப்பதற்காக. கதவு திறந்தேதான் இருந்தது. இருட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "வா புள்ள" என்றாள்.

அடுப்படிக்குப் போனேன். பொந்து அப்படியே இருந்தது. வெள்ளை அடித்துச் சுத்தமாக வைத்திருக்கிறாள். உள்ளே ஒரு மாதா சுரூபம், முன்னால் மெழுகுவத்தி, மேலே பழைய ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு. தினமும் ஆறரைக்குப் பல்பைப் போட்டு ஒன்பது மணிவரை வைத்திருப்பாளாம். நேற்று வெள்ளி, தவக்காலச் சிலுவைப் பாதைக்குக் கோவிலுக்குப் போயிருந்ததால் மெழுகுவத்திகூட ஏற்றவில்லையாம். இந்த ஏழு டிகிரியைத்தான் நான் உடனடி ஆபத்து என்று எழுதியிருக்கிறேன்.

இந்தப் பக்கத்தை அடைக்கவில்லையா என்று கேட்டேன். கேட்க வேறு எவ்வளவோ இருந்தது.

"அடைச்சது உங்கப்பா, அவரு பக்கத்த அடைச்சாரு. எங்க பக்கம் எதுக்கு அடைக்கோணும்? எங்கம்மா அடைக்கச் சொன்னாங்க, நாந்தான் மாதாவ வெச்சுட்டேன்."

பியூஸைப் பிடுங்கியபோது ஏன் சண்டை போடவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

"டீச்சரம்மா பாத்து எழுதியிருக்காங்கன்னு சொன்னாங்க. அன்னிக்கும் அப்படித்தான சொன்னாங்க, கோமளம் பாத்தான்னு."

என் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததும் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நான் சொன்னது அவளுக்குத் தெரியும். நாற்பது வருஷமாகத் தெரியும். குழாயடியில் தண்ணி வந்துருச்சா என்று கேட்டதெல்லாம் தெரிந்துகொண்டே கேட்டது. நான்தான் சொன்னேன், கை மட்டும்தான் தெரிந்தது, முகத்தைப் பார்க்கவில்லை என்றேன். அதை அவளிடம் இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

அவள் மெழுகுவத்தியின் திரியைக் கிள்ளி நேராக்கினாள். பிறகு சொன்னாள்.

"அது செபஸ்தி அண்ணன் கை, புள்ள."

அவள் அண்ணன் செபஸ்தியான். வேலைநிறுத்தத்தில் அப்பாவுக்கு எதிர்க்கட்சியில் நின்று, இனி இந்த வாசலை மிதித்தால் வெட்டுவேன் என்று துரத்தப்பட்டவன். ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு அவளுக்காக விண்ணப்பம் போட்டது அவன்தான். கடிதம் அவன் முகவரிக்கு வந்திருக்கிறது. அப்பா ஷிப்டில் இருக்கும்போது திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். இடம் கிடைத்துவிட்டது என்ற கடிதம். அதைத்தான் அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறாள். யார் கை என்று சொன்னால் அண்ணனை வெட்டிவிடுவார் என்று பயந்து கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. தன்னால்தான் இந்தக் கல்யாணம் என்பது தெரியாமலேயே அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

எனக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தவள் டீச்சர் ஆகியிருக்க வேண்டியவள். அவளிடம் படித்தவளை இந்த லைனே டீச்சரம்மா என்று கூப்பிடுகிறது. இரண்டு வருஷமாக அந்தப் பெயருக்கு நான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் காது கேட்க.

அழுதேன். அவள் அழவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்லவும் இல்லை. நானும் அதைக் கேட்கவில்லை, கேட்கும் யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை வாங்கும்போது என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் இருக்குதா இது" என்றாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். ஏழாம் எண் வீட்டுக்குள் நான் போகவே இல்லை, போகாமலே எழுதினேன், அங்கே இருப்பது ஒரு மாடமும் ஒரு பல்பும்தான், சுவரில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு பார்த்தவளிடம்தான்.

மயில்சாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "இப்படி மாத்தி மாத்திப் பேசுனா எப்படிங்க நம்பறது" என்றார். அவர் கேட்டது நியாயம். புவனேஸ்வரனை வரவழைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், நான் கிட்டே வரமாட்டேன் என்றேன். கடைசி வரிசையில் பிலோமினா உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் நான் திரும்பவில்லை.

பிப்ரவரி 21, புதன்

புவனேஸ்வரன் பன்னிரண்டு வீட்டையும் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒன்பதுக்கு மூன்று என்று ரிப்பேர் ஜெயித்தது. போகும்போது, "மேடம், நீங்கதானே எங்களுக்கெல்லாம் சொல்வீங்க, மறுபக்கம் பாருன்னு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கேமராவை அவரிடமே கொடுத்தனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 24, சனி

காலையில் குழாயடியில் பிலோமினா, "உன்ற பக்கத்த எப்ப உடைக்கப் போற?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். பத்து மணிக்கெல்லாம் கொத்தனாரைக் கூட்டிவந்துவிட்டேன். பொந்துக்கு மேலே சுவரைத் தாங்கும் பழைய கல் உறுதியாக இருக்கிறது, பயமில்லை. அப்பாவின் பூச்சு லேசில் வரவில்லை, மனிதர் அவ்வளவு கெட்டியாகப் பூசியிருக்கிறார். பதினான்கு செங்கல். கடைசிக் கல்லை எடுத்ததும் எனக்கு முதலில் தெரிந்தது மாதாவின் முதுகு. பிலோமினா அந்தப் பக்கமிருந்து கையை விட்டு, சுரூபத்தைப் பக்கவாட்டில் திருப்பி, இரண்டு வீட்டுக்கும் முகம் தெரிகிறமாதிரி வைத்தாள். பிறகு பழைய துணியால் என் பக்கத்துத் தூசியையும் துடைத்துவிட்டாள்.

மத்தியானம் எலக்ட்ரீஷியன் வந்து ஏழாம் எண்ணுக்குப் பியூஸைப் போட்டுவிட்டுப் போனார்.

ஆறரை ஆயிற்று. என் வீட்டில் டியூப் லைட் இருக்கிறது, சுவிட்ச் கைக்கு எட்டும் தூரத்தில்தான். போடவில்லை. அடுப்படியில் இருட்டும்வரை நின்றேன். இந்த வயதில் இது என்ன கூத்து என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றும் யோசித்தேன். அப்புறம் பொந்தில் வாயை வைத்தேன்.

"பிலோ, லைட்டப் போடு."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. வேண்டுமென்றே தாமதிக்கிறாளா, இல்லை பதில் சொல்ல மனமில்லையா என்று தெரியாமல் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இரு புள்ள."

பல்பு எரிந்தது. இதை அந்த வெளிச்சத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது மணிக்கு அவள் அணைத்துவிடுவாள், அதற்குள் முடிக்க வேண்டும்.